கத்தாதீர்கள்... காட்டுங்கள்!

நள்ளிரவில் நெஞ்சு வலி. எப்படியோ ஆம்புலன்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தாச்சு. உங்களுக்கும் எனக்கும் அந்த வாசலைப் பார்த்ததுமே பாதி உயிர் திரும்பி வந்துவிடும். ‘அப்பாடா, இனி டாக்டர் பார்த்துப்பார்’ என்று மனசு ஆறுதல் அடையும். ஆனால், வந்திருப்பவருக்குக் காது கேட்காது என்றால்? அவருடைய கஷ்டம் அந்த வாசலில்தான் ஆரம்பிக்கிறது.

ஏன் என்கிறீர்களா? அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லாமே வாய்ப் பேச்சில்தான் நடக்கிறது. ‘‘எங்கே வலிக்குது? எப்ப ஆரம்பிச்சுது? சுகர் இருக்கா? கடைசியா என்ன சாப்பிட்டீங்க? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?’’ என்று ஐந்து நிமிஷத்தில் இருபது கேள்வி. சுற்றிலும் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம், மானிட்டர் பீப், பக்கத்துக் கட்டிலில் அழுகை. நல்ல காது உள்ளவர்களுக்கே பாதி விளங்காத இடம் அது. கேட்காதவர் என்ன செய்வார்? தலையை ஆட்டுவார்.

அந்தத் தலையாட்டலில்தான் ஆபத்து இருக்கிறது.

என்னிடம் மூட்டு வலிக்கு வருகிற ஒரு நெசவாளர் வீட்டு அம்மா. வயது அறுபத்தைந்து இருக்கும். இரண்டு காதிலும் கேட்கும் சக்தி ரொம்பக் குறைவு. காலில் புண் பெரிதாகி, ஜுரம் தூக்கியடிக்க, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மகன் சீட்டுப் போடப் போய்விட்டார். கட்டிலில் அம்மா மட்டும். ‘‘பாட்டி, பென்சிலின் ஊசி ஒத்துக்குமா?’’ என்று டூட்டியில் இருந்தவர் சத்தமாகக் கேட்டிருக்கிறார். அம்மா ‘ஆமாம்’ என்று தலையாட்டிவிட்டார். ‘‘கால் வலிக்குதான்னு கேக்கறாங்கன்னு நெனச்சேன் சாமி’’ என்று பிறகு என்னிடம் சொன்னார். முன்பு ஒருமுறை அதே ஊசியால் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறிப் போனவர் அவர்! நல்லவேளை, மருந்துப் பையோடு ஓடிவந்த மருமகள், ‘‘ஐயோ, அத்தைக்கு அது ஆகவே ஆகாதுங்க!’’ என்று தடுத்துவிட்டார்.

மருமகள் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்திருந்தால்? நினைத்தாலே பகீரென்கிறது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். அது அந்த அம்மாவிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். காது கேட்காதது அந்த அம்மாவின் குறை. கேள்வியைச் சேர்ப்பிக்க வேறு வழி வைத்துக் கொள்ளாதது நம்முடைய குறை. முதல் குறையை உடனே தீர்க்க முடியாது. இரண்டாவதைத் தீர்க்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். இதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களிடம் சொல்ல வந்தேன்.

கணக்கில் வராத காதுகள்

‘காது கேளாதவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?’ என்று நினைக்காதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் செவித்திறன் குறையுள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். உலக அளவில் ஏதாவது ஒரு அளவுக்குக் கேட்கும் சக்தி குறைந்தவர்கள் சுமார் 150 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இதில் 43 கோடிப் பேருக்குக் கட்டாயம் உதவி தேவை.

கணக்கில் வராதவர்களும் உண்டு. நம் வீட்டுத் தாத்தா, பாட்டிகள்தான் அவர்கள். ‘‘அவருக்குக் கொஞ்சம் மந்தம், சத்தமாப் பேசினா கேக்கும்’’ என்று சொல்லியே நாம் காலத்தை ஓட்டிவிடுகிறோம். எங்கள் காஞ்சிபுரத்தையே எடுத்துக் கொள்ளுங்களேன். பட்டுச் சேலை நெய்கிற கைத்தறியின் சத்தம் ஓரளவு தாங்கக்கூடியது. விசைத்தறிக் கூடத்தின் கதை வேறு. தினமும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் வேலை செய்தால், வருஷக் கணக்கில் உள்காது நரம்பு நுனிகள் தேய்ந்து போகும். போனது திரும்பி வராது. அப்படிப்பட்டவர்களுக்கு வயதும் ஏறி, சுகரும் சேர்ந்து, திடீரென்று ஒரு நாள் ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

எட்டில் ஒன்றுதான் பேச்சு

‘சித்த வைத்தியருக்கு எமர்ஜென்ஸி வார்டில் என்ன வேலை?’ என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாரடைப்பு, பக்கவாதம், விபத்து என்றால் என் கிளினிக் கதவைத் தட்டாதீர்கள், நேராக 108-ஐக் கூப்பிடுங்கள் என்றுதான் நானே சொல்வேன். ஆனால், நோயாளியை அறியும் விதத்தைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை உண்டு.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் மனப்பாடமான விஷயங்களில் ஒன்று எண்வகைத் தேர்வு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு. இதில் ‘மொழி’ ஒன்றுதான் பேச்சோடும் குரலோடும் சம்பந்தப்பட்டது. மற்ற ஏழும் வைத்தியர் தொட்டும் பார்த்தும் அறிய வேண்டியவை. நவீன மருத்துவத்திலும் ஈ.சி.ஜி., ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நோயாளி பேசாமலே பேசுகிற சாட்சிகள்தானே? அப்படியானால் அந்த ஒரு ‘மொழி’க்கு மட்டும் ஏன் காதையே நம்பியிருக்க வேண்டும்? கண்ணுக்கும் கைக்கும் மொழி இல்லையா என்ன?

எங்கே தப்பு நடக்கிறது?

முதல் தப்பு, கத்துவது. கத்தினால் முகம் கோணுகிறது, வாயசைவு மாறுகிறது. உதட்டைப் பார்த்துப் புரிந்து கொள்கிறவருக்கு அதுவும் போச்சு! வயதானவர்களுக்கு முதலில் குறைவது கீச்சென்ற மேல்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். அதனால் குரலை உயர்த்துவதைவிட, தாழ்ந்த சுருதியில், நிறுத்தி நிதானமாகப் பேசுவது நன்றாகக் கேட்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு பேசினால் ஒலியும் மங்கும், உதடும் மறையும். 2020-ல் கொரோனா வந்து ஊரே முகத்தை மூடிக்கொண்டபோது இவர்கள் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? உதடு தெரிகிற மாஸ்க் என்று ஒன்று இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

இரண்டாவது, மயக்கம் என்று தப்பாக நினைப்பது. தலையில் அடிபட்டு வருகிறவரின் நினைவை அளக்க ஒரு மதிப்பெண் முறை உண்டு. மொத்தம் 15. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. ‘கையைத் தூக்குங்க’ என்று வாயால் சொல்லித்தான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள். காது கேட்காதவர் சும்மா படுத்திருந்தால் மார்க் குறையும். இல்லாத ஆபத்து இருப்பதாகத் தெரியும். வயதானவர் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் ‘புத்தி தடுமாறுது’ என்று எழுதிவிடும் அபாயமும் இருக்கிறது. இன்னொரு பக்கம், சைகை மொழியில் பேசுகிறவருக்குப் பக்கவாதம் வந்தால் நாக்கு குழறுவதைப் போலவே கைச் சைகையும் குழறலாம். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கவனித்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கையைக் கட்டிப் போடுவது. சைகை மொழிக்காரருக்குக் கைதான் வாய். இரண்டு கையிலும் ட்ரிப்ஸ், பி.பி. பட்டை என்று கட்டிவிட்டால் அவர் வாயில் துணி வைத்து அடைத்த மாதிரி. முடிந்தவரை அவர் அதிகம் பயன்படுத்தும் கையை விட்டுவிட்டு, மறு கையில் ஊசி போடலாமே!

நான்காவது, காது மிஷினைத் தொலைப்பது. நகையைக் கழற்றும்போது காது மிஷினையும் கழற்றி, ஏதோ ஒரு பேப்பரில் மடித்து வைப்பார்கள். அது பழைய துணியோடு போய்விடும். பேர் எழுதிய டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். ஸ்கேனோ ஆபரேஷனோ முடிந்து கண் விழித்ததும் முதல் வேலையாக மாட்டிவிடுங்கள்.

உள்காதில் காக்ளியர் இம்பிளாண்ட் வைத்தவர்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதன் ஒரு பகுதி தோலுக்கு அடியில் இருக்கும் காந்தம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன்னால் அதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனில் மின்சாரத்தால் ரத்தக் குழாயைச் சுடும் கருவியைப் பயன்படுத்தும்போதும் டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் நண்பர்களுக்கு...

பெரிய செலவு எதுவும் இல்லை. அவர் பார்வையில் படுகிற மாதிரி நின்று, தோளில் லேசாகத் தொட்டுக் கூப்பிடுங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். ‘எழுதணுமா, சைகையா, உதட்டைப் பார்ப்பீங்களா?’ என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். பேனாவைக் காட்டி, வாயைக் காட்டி, கையைக் காட்டினாலே அவர் தேர்ந்தெடுத்து விடுவார்.

எழுதும்போது குட்டிக் குட்டி வாக்கியமாக எழுதுங்கள். பிறவியிலேயே கேட்காதவர்கள் பலருக்குச் சைகை மொழிதான் தாய்மொழி. நாம் எழுதுகிற தமிழ் அவர்களுக்கு இரண்டாவது மொழி மாதிரி. நீளமாக எழுதினால் அதற்கும் தலையாட்டல்தான் பதிலாக வரும். உடம்பின் படம், வலிக்கு ஏற்ப மாறும் முகங்கள், மாத்திரை, ஊசி, சாப்பாடு, கழிப்பறை என்று படங்கள் போட்ட ஓர் அட்டையைச் சுவரில் மாட்டி வைத்தால் விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

முக்கியமாக, ‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். யாரைக் கேட்டாலும் ‘புரிஞ்சுது’ என்றுதான் தலையாட்டுவார்கள். நீங்கள் சொன்னதை அவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

கூட வந்த சொந்தக்காரரிடமே எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதும் சரியல்ல. உயிர் போகிற அவசரத்தில் அது பரவாயில்லை. ஆனால், நினைவோடு இருக்கிறவரின் உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அவர்தானே? பத்து வயசுப் பேத்தியை நடுவில் நிறுத்தி, பாட்டியின் கர்ப்பப்பை ஆபரேஷனை மொழிபெயர்க்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

‘‘எங்களுக்கு ஏது சார் நேரம்? ஒரே சமயத்தில் பத்துப் பேர் வந்து நிக்கறாங்க’’ என்று ஒரு நர்ஸம்மா என்னிடம் கேட்டார். அவருடைய சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால், தப்பான பதிலை வைத்து ஆரம்பிக்கிற வைத்தியம் பிறகு எத்தனை மணி நேரத்தை விழுங்கும்? ஒரு நிமிஷம் எழுதிக் காட்டுவது நேரத்தை மிச்சம்தான் செய்யும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான்

இதெல்லாம் யாரோ இரக்கப்பட்டுச் செய்கிற உபகாரம் என்று நினைக்க வேண்டாம். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு, அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற வசதி வேண்டும் என்கிறது. சிகிச்சையில் முன்னுரிமையும் தரச் சொல்கிறது. ‘தடை’ என்றால் படிக்கட்டு மட்டும் அல்ல, தகவல் போய்ச் சேராததும் தடைதான் என்று அதே சட்டம் விளக்கமும் கொடுத்திருக்கிறது. வாசலில் சாய்தளம் கட்டிவிட்டு, ‘எங்கள் ஆஸ்பத்திரி எல்லோருக்கும் வசதியானது’ என்று போர்டு மாட்டினால் போதாது.

2023-ல் காது கேளாத ஒரு பெண் வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். கோர்ட்டில் முடிகிறது, ஆஸ்பத்திரியில் முடியாதா? பிரிட்டனில் 2022 ஜூன் முதல், காது கேளாதவர்கள் 999 என்ற அவசர எண்ணை வீடியோ வழியாகச் சைகை மொழியிலேயே அழைக்கலாம். நம் தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் வந்தது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய சேவை. அதுவும் பேசிக் கேட்கிற போனை நம்பித்தான் நடக்கிறது. ஒரு வீடியோ, ஒரு குறுஞ்செய்தி என்று அதிலும் வழி திறந்து, அது கேளாதவர் ஒவ்வொருவருக்கும் தெரியும்படி செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை.

எங்கள் ஊருக்கும் ஒரு கோரிக்கை உண்டு. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் தரிசனம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கூட்ட நெரிசலில் உயிர்கள் போனதும் நினைவிருக்கும். ‘இந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம் நில்லுங்க, மருத்துவ முகாம் இங்கே’ என்பதெல்லாம் இந்த மாதிரிக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில்தான் வரும். ஒலிபெருக்கி கேட்காதவர் யாரைப் பின்பற்றுவார்? வருஷா வருஷம் கருட சேவைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஊர் நிரம்பத்தான் போகிறது. திரையில் பெரிய எழுத்தும், அம்புக்குறிப் பலகையும், முகாமில் நாலு சைகை தெரிந்த ஒருவரும் இருக்கட்டும்.

சைகை தெரிந்தவர்களுக்கு எங்கே போவது? நம் ஊர் சதாவரத்திலேயே செவித்திறன் குறையுடைய பிள்ளைகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களை அழைத்து, வலி, மூச்சு, ரத்தம், மருந்து, பயப்படாதே என்று இருபது சைகைகளை ஒரு மத்தியானத்தில் நர்ஸ்களுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் சொல்லித் தரலாமே! மேற்கொண்டு வேண்டுமானால், டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தின் அகராதி இருக்கிறது. 2021 பதிப்பில் 10,000 சொற்கள்.

இன்றைக்கே எழுத வேண்டிய அட்டை

ஆஸ்பத்திரி மாறும் வரை நாம் சும்மா இருக்க முடியுமா? தறி மேலே தொங்குகிற ஜக்கார்டு அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டை போட்ட அட்டைகள் ஒரு வார்த்தை பேசாமல் தறிக்கு டிசைனைச் சொல்லிவிடும். அதே மாதிரி, உங்கள் உடம்பின் கதையை டாக்டருக்குச் சொல்ல ஓர் அட்டை தயார் செய்யுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. ‘எனக்குக் காது கேட்காது’ என்று கொட்டை எழுத்தில் முதல் வரி. எந்தக் காதில் கொஞ்சம் கேட்கும் என்பதும்.

2. என்னிடம் பேசும் வழி: எழுத்தா, உதட்டசைவா, சைகை மொழியா?

3. பெயர், வயது, என்னென்ன நோய்கள், இதுவரை செய்த ஆபரேஷன்கள்.

4. தினமும் சாப்பிடும் மருந்துகள். சித்த மருந்தையும் மறைக்காமல் எழுதுங்கள். சூரணமோ பற்பமோ, எதுவானாலும் பெயரைக் குறியுங்கள். ‘இங்கிலீஷ் டாக்டர் திட்டுவார்’ என்று பயந்து மறைப்பது தப்பு. ரத்தம் உறைவதையோ சுகரையோ மாற்றக்கூடிய மருந்தாக இருந்தால் அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

5. ஒத்துக்கொள்ளாத மருந்து, சிவப்பு மையில்.

6. காக்ளியர் இம்பிளாண்ட், பேஸ்மேக்கர் இருந்தால் அந்த விவரம்.

7. வீட்டார் இரண்டு பேரின் போன் நம்பர்.

ஒரு காப்பி பர்ஸில், ஒரு காப்பி மருந்து டப்பாவில், ஒரு போட்டோ செல்போனில். மருந்து மாறினால் அட்டையும் மாற வேண்டும். ‘112 இந்தியா’ செயலியைப் போனில் ஏற்றி, அதில் உள்ள ஆபத்து பட்டனை எப்படி அழுத்துவது என்று முன்கூட்டியே காட்டிக் கொடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர் என்றால், ‘விளக்கை இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் ஓடி வாங்க’ என்று பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். காது மிஷினுக்கு உபரி பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் சொல்லுங்கள். ஆன்ட்டிபயாட்டிக் ஊசிகளில் சிலவும், புற்றுநோய் மருந்துகளில் சிலவும் உள்காதைப் பாதிக்கக்கூடியவை. ‘ஏற்கெனவே காது மந்தம்’ என்று தெரிந்தால், மாற்று மருந்து இருக்கிறதா என்று டாக்டர் யோசிப்பார்.

நேற்று வரை நன்றாகக் கேட்ட காது ஒரே நாளிலோ, இரண்டு மூன்று நாளுக்குள்ளோ திடீரென அடைத்துப் போனால் அதுவே ஓர் அவசரம்தான். ‘அழுக்கு அடைச்சிருக்கும்’ என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு வாரக் கணக்கில் உட்காராதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் கேட்கும் சக்தி திரும்ப வாய்ப்பு அதிகம்.

காது கேட்காதவர் ஊமை இல்லை. முட்டாளும் இல்லை. அவருக்கும் வலி எங்கே என்று சொல்லத் தெரியும், வேண்டாம் என்று மறுக்கத் தெரியும். அவர் சொல்வதைப் பார்ப்பதற்கு நமக்குத்தான் பொறுமை வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் காது மந்தமான ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்காருங்கள். அந்த ஏழு வரிகளையும் அவரோடு சேர்ந்து எழுதுங்கள். அரை மணி நேர வேலைதான். ஒரு ராத்திரி அது அவர் உயிரைக் காக்கும்!